நடுச்சாமத்தில் படபடக்கும் நெஞ்சு: இரவுப் பதகளிப்பும் நித்திரையும்

ஆசிரியப் பயிற்சிக்காகக் கோப்பாயில் விடுதியில் தங்கியிருந்த காலம் அது. ஓர் இரவு ஒரு மணி இருக்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழி திடீரென எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மறு கை என் தோளை உலுக்கியது.

"மூச்சு எடுக்க ஏலாம இருக்கு. மௌத்தாகப் போறேன் போல. உம்மாக்குச் சொல்லுங்க" என்றாள்.

உடல் நடுங்கியது. உள்ளங்கை வியர்த்துக் குளிர்ந்திருந்தது. முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கு போய்ச் சேர்வதற்குள்ளேயே அவளுக்குப் பாதி தணிந்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "இதயத்தில் ஒரு பிழையும் இல்லை" என்று வைத்தியர் சொன்னார். ஸுபஹுக்கு முன்னர் விடுதிக்குத் திரும்பிவிட்டோம்.

இதயத்தில் பிழை இல்லை என்பது உண்மை. ஆனால் தோழிக்கு நடந்தது கற்பனையும் அல்ல. இந்த இரண்டையும் ஒருசேர விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பல வாரங்கள் எடுத்தன. மாணவிகளே, அந்த வாரங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதையும் பின்னர் வாசித்து அறிந்ததையும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். உங்கள் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும்.

இதற்குப் பெயர் என்ன?

காரணம் தெரியாத, அல்லது காரணத்துக்கு மிஞ்சிய அச்சத்தை நமது உளநல வைத்தியர்கள் 'பதகளிப்பு' என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் முன்பிருந்தே வழங்கும் சொல் அது. பதகளிப்பு திடீரென உச்சத்துக்கு ஏறி உடலை உலுக்கினால் அது பதகளிப்புத் தாக்கம். நெஞ்சு படபடத்தல், மூச்சு முட்டுதல், வியர்த்தல், நடுங்குதல், தலைச்சுற்று, விரல்கள் விறைத்தல், குமட்டல், இறந்துவிடுவேன் என்ற பயம், பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம் முதலிய 13 அறிகுறிகளை வைத்தியர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றில் 4 அல்லது அதற்கு மேற்பட்டவை சில நிமிடங்களுக்குள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அதைப் பதகளிப்புத் தாக்கம் எனக் கொள்கிறார்கள்.

இது பகலிலும் வரும். நித்திரையில் கிடப்பவரையும் எழுப்பும். பகலில் இத்தகைய தாக்கம் வருவோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இரவிலும் ஒரு முறையாவது அதை அனுபவித்திருப்பார்கள். ஆகவே இது உங்களில் ஒருவருக்கு மட்டும் வந்த விசித்திரமான நோய் அல்ல.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்படுத்தும் ஓர் எச்சரிக்கை ஒழுங்கு நம் எல்லோருக்கும் உண்டு. பாம்பைக் கண்டவுடன் மூளை யோசிப்பதற்கு முன்னரே கால் பின்வாங்குவது இதனால்தான். அதிரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்துத் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. மூச்சு விரைவாகிறது. ஓடும்போது உடல் சூடேறாதிருக்க வியர்க்கிறது. இவை அனைத்தும் உயிரைக் காப்பதற்கானவை.

பதகளிப்புத் தாக்கத்திலும் நடப்பது இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே பாம்பு இல்லை. ஓடுவதற்குத் தயாரான உடல் கட்டிலில் கிடக்கிறது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகிறது. தலைச்சுற்றும் விரல் விறைப்பும் நெஞ்சு இறுக்கமும் அதனால் வருபவை. "மூச்சு வரவில்லை" என்று நாம் நினைக்கும் அந்த வேளையில் உண்மையில் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

தாக்கம் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, 20 அல்லது 30 நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். உடலால் அந்த உச்சத்தை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. அன்று தோழிக்குப் பாதி வழியிலேயே தணிந்தது அதனால்தான்.

கெட்ட கனவா? அமுக்குவானா?

இரவில் பயந்து எழும்புவதெல்லாம் ஒன்றல்ல. வேறுபாடு தெரிந்தால் பயம் பாதி குறையும்.

கெட்ட கனவு பெரும்பாலும் விடியப்புறத்தை அண்டி வரும். எழுந்த பின்னர் கனவின் கதை நினைவிலிருக்கும். பதகளிப்புத் தாக்கம் கனவற்ற நித்திரையில், அநேகமாகப் படுத்து ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்களுக்குள் வரும். சொல்வதற்குக் கதை எதுவும் இருக்காது. உடலின் படபடப்பு மட்டுமே இருக்கும்.

சிறு பிள்ளைகள் சிலர் நித்திரையில் அலறி எழுந்து உட்காருவார்கள். கண் திறந்திருக்கும்; ஆனால் நம்மை அடையாளம் காணமாட்டார்கள். காலையில் கேட்டால் எதுவும் நினைவிராது. அது நித்திரைத் திகில். வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கண் விழித்திருக்கிறது, ஆனால் கைகால் அசையவில்லை, நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போல் இருக்கிறது என்றால் அதை நமது ஊர்களில் 'அமுக்குவான்' என்பார்கள். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடாதிருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு நீங்குவதற்கு முன்னர் மனம் விழித்துக்கொண்டால் இந்த நிலை ஏற்படும். சில நொடிகளில், கூடினால் சில நிமிடங்களில் நீங்கும்.

இவற்றைத் தவிர, ஆஸ்துமா, தைரொயிட் சுரப்பு மிகைத்தல், இரத்தச்சோகை, இதயத்துடிப்பு ஒழுங்கீனம், நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல் போன்றவையும் இரவில் படபடப்பைத் தரக்கூடும். எனவே முதல் தடவை வரும்போது வைத்தியரிடம் சென்று உடலைச் சோதித்துக்கொள்வது அவசியம். சோதனை சரியென்றால் அந்த முடிவை நம்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஈ.சி.ஜி. எடுப்பது மருந்தாகாது.

பயத்தைப் பற்றிய பயம்

அந்த இரவுக்குப் பின்னர் தோழி கட்டிலைக் கண்டு அஞ்சத் தொடங்கினாள். விளக்கை அணைக்க விடமாட்டாள். நித்திரை வந்துவிடக் கூடாது என்று கோப்பி குடிப்பாள். படுத்த பின் நாடியைப் பிடித்து எண்ணுவாள். பகலில் விரிவுரையில் தூங்கி விழுவாள். இரண்டாம் தாக்கமும் மூன்றாம் தாக்கமும் வந்தன.

இங்கேதான் நோய் வேர்விடுகிறது. நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. "வந்துவிட்டது" என்று மனம் சொல்கிறது. அந்தச் சொல்லே புதிய ஆபத்தாகி அதிரினலினைக் கூட்டுகிறது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. உடலின் சாதாரண அசைவைப் பேராபத்தாகப் பொருள்கொள்வதே பதகளிப்புத் தாக்கத்தின் அடிப்படை என்று இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் எழுதினார். இன்றைய சிகிச்சை முறைகளில் முக்கியமான ஒன்று இந்த விளக்கத்தின்மேல் எழுந்ததாகும்.

தோழியின் உம்மா புத்தளத்திலிருந்து வந்து ஓதிய தண்ணீர் கொடுத்தார். விடுதியில் சிலர் ஜின் என்றார்கள். ஒருத்தி "ஈமான் பலமாக இருந்தால் இப்படி வராது" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்தான் தோழியை அதிகம் அழவைத்தது. நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல் ஈமான் குறைவால் வருவதில்லை, இதுவும் அப்படித்தான். ஓதிப் பார்ப்பது ஆறுதல் தருமாயின் பார்க்கட்டும். ஆனால் அது வைத்தியருக்குப் பதிலாகாது.

கோப்பாய் அக்கா சொன்னது

எங்களைக் கரையேற்றியவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஓர் அக்கா. கோப்பாயைச் சேர்ந்தவர். நான்காம் தடவை தோழி எழுந்து உட்கார்ந்தபோது அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். ஓடவும் இல்லை, பதறவும் இல்லை. கட்டில் விளிம்பில் அமர்ந்தார்.

"பிள்ளை, உது எனக்கும் வந்தது. செத்துப்போறதெண்டா நான் எத்தினை தரம் செத்திருக்கோணும்! வீட்டு நாய் நிழலைப் பாத்துக் குலைக்குது. நாய் குலைச்சால் கள்ளன் வந்திட்டான் எண்டு அர்த்தமே? வரட்டும், விடுங்கோ. வந்திட்டுப் போகும்."

பின்னர் ஒரு நாள் தமது கதையைச் சொன்னார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோப்பாய்–கைதடி வீதியால் நடந்தவர் அவர். இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நகர்ந்த இரவு அது. ஊருக்குத் திரும்பிய பின்னரும் மழைச் சத்தம் கேட்டால் நடுச்சாமத்தில் நெஞ்சு அடித்து எழும்புவாராம்.

தோழி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். அக்காலத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து வீட்டில் உம்மா இன்றும் படுக்கப்போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பாராம். இரவென்பது காவல் இருக்க வேண்டிய நேரம் என்பதை மகள் யாரும் சொல்லாமலே பார்த்துப் பழகியிருந்தாள்.

இப்படிப்பட்ட நினைவுகள் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தழும்பை 'மனவடு' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் விரிவாக எழுதியிருக்கிறார். வைத்தியர்கள் போதாத நிலையில், ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் உளநல உதவிக்குப் பயிற்றுவித்த முயற்சிகளில் அவரும் யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' நிறுவனமும் முன்னின்றார்கள். எங்கள் அக்காவும் அத்தகைய வகுப்பொன்றில்தான் இவற்றைக் கற்றிருந்தார்.

அந்தப் பயிற்சிகளில் ஓர் அழகான அம்சம் உண்டு. மனத்தைத் தளர்த்தும் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் தமது மரபில் பழகிய சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இந்துக்கள் 'ஓம்' என்பர், கத்தோலிக்கர் செபமாலையின் சொற்களைச் சொல்வர், முஸ்லிம்கள் திக்ரு செய்வர். அக்கா தோழியிடம் கேட்டதும் அதுதான்: "உங்கட சொல்லு எது பிள்ளை? மூச்சை விடேக்க அதை மெல்லச் சொல்லுங்கோ." அன்றிரவு தோழி "ஸுப்ஹானல்லாஹ்" என்று ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னாள். அக்கா பக்கத்தில் அமர்ந்து எண்ணினார்.

இத்தகைய முறைகள் வெறும் ஆறுதல்தானா என்று கேட்கலாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் வடகிழக்கு முகாமொன்றில், போரினாலும் சுனாமியினாலும் மனவடு அடைந்த 31 சிறுவர்களுக்கு உள்ளூர் ஆலோசகர்களே 6 அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழுவினர் நடந்ததை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் முறையையும், மற்றக் குழுவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட முறையையும் பெற்றார்கள். 6 மாதங்களின் பின்னர் முதற்குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாம் குழுவில் 71 வீதத்தினரும் குணமடைந்திருந்தார்கள். இது மனவடு நோய்க்கான ஆய்வு, பதகளிப்புத் தாக்கத்துக்கானதன்று. ஆயினும் பயிற்சி பெற்ற ஓர் உள்ளூர் மனிதர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதை அது காட்டுகிறது.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

1. எழுந்து அமருங்கள். பாதங்களைத் தரையில் வையுங்கள். சீமெந்துத் தரையின் குளிரை உணருங்கள்.

2. அதற்குப் பெயர் சொல்லுங்கள்: "இது பதகளிப்பு. முன்பும் வந்தது, போனது. இதுவும் போகும்."

3. மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை உள்ளெடுங்கள். 6 எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். நெஞ்சு அல்ல, வயிறு உயர வேண்டும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிவிடும்போது உங்கள் சொல்லைச் சொல்லுங்கள். பெரிய பெரிய மூச்சாக இழுக்க வேண்டாம். அது விறைப்பைக் கூட்டும்.

4. படபடப்பை நிறுத்த முயலாதீர்கள். "போ, போ" என்று விரட்ட விரட்ட அது நிற்கும். கடல் அலை காலை நனைத்துவிட்டுப் போவதுபோல் வந்து போக விடுங்கள்.

5. நாடியை எண்ணாதீர்கள், மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், போனில் நோயைத் தேடாதீர்கள்.

6. தணிந்த பின்னரும் நித்திரை வராவிட்டால், 20 நிமிடமளவில் கட்டிலை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஏதாவது செய்யுங்கள். கண் சொருகும்போது திரும்பிச் செல்லுங்கள். கட்டில் விழித்துக் கிடந்து கவலைப்படும் இடமாகிவிடக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த இந்த முறை இன்றும் நித்திரையின்மைக்கான முக்கிய சிகிச்சைகளுள் ஒன்று.

பகலில் செய்ய வேண்டியவை

இரவு நித்திரை பகலில்தான் தயாராகிறது. எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். ஸுபஹுக்கு எழும்பும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது ஏற்கெனவே கிடைத்திருக்கும் நல்ல ஒழுங்கு. பகல் தூக்கம் வேண்டுமாயின் அரை மணித்தியாலத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த கடும் தேநீரில் பாதி இரவு பதினொரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவிகள் இதைக் கவனியுங்கள். ரமழானில் இரவு நேரத் தேநீரை இன்னும் குறைப்பது நல்லது. ஸஹருக்கு எழும்ப வேண்டியிருப்பதால் படுக்கும் நேரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள்.

கட்டிலில் இருந்து படிக்காதீர்கள். மேசை படிப்புக்கு, கட்டில் நித்திரைக்கு. நாளைய கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள். நடையில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது "இதயம் வேகமாக அடித்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை" என்பதை உடல் கற்றுக்கொள்கிறது.

பெற்றோருக்கு

பிள்ளை நடுச்சாமத்தில் எழுந்து "உம்மா, பயமாக இருக்கு" என்றால் மூன்று சொற்களைத் தவிருங்கள்: "நடிக்கிறாய்", "ஒன்றுமில்லை, படு", "ஈமான் இல்லை". உங்கள் பதற்றம் பிள்ளைக்கு ஆபத்தின் அடையாளமாகத் தெரியும். உங்கள் நிதானம் பாதுகாப்பின் அடையாளமாகத் தெரியும். அருகில் அமர்ந்து, கையைப் பிடித்து, மெல்ல மூச்சு விடுங்கள். பிள்ளை உங்களோடு சேர்ந்து மூச்சுவிடத் தொடங்கும்.

பகலில் ஆறுதலாகக் கேளுங்கள்: பரீட்சையா, தோழிகளோடு பிரச்சினையா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா? பயத்துக்கு உண்மையான காரணம் வீட்டிலோ வெளியிலோ இருந்தால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அந்தக் காரணத்தை நீக்க வேண்டும். பிள்ளையை என்றென்றும் உங்களோடு படுக்கவைப்பதும், பாடசாலைக்கு அனுப்பாமல் விடுவதும் பயத்தை வளர்க்கும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

தாக்கம் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குப் பயந்து நித்திரையோ படிப்போ வெளியே போவதோ குறைந்தால், துக்கம் வாரக்கணக்கில் நீங்காவிட்டால், பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடமோ அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. அயலவரின் நித்திரைக் குளிசையைக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம் 1926; இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்பொழுதே வீட்டாரிடம் சொல்லுங்கள், அழையுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் ஏற்பட்டால், உதடு நீலமானால் அதைப் பதகளிப்பு என்று எண்ணியிராமல் 1990 இலவச அம்பியூலன்சை அழையுங்கள்.

தோழிக்கு அதன் பின்னரும் சில தடவைகள் வந்தன. உளநலப் பிரிவுக்கு ஆறேழு முறை சென்று வந்தாள். கோப்பியை விட்டாள், விளக்கை அணைத்தாள். ஒரு நாள் காலை தேநீர் குடிக்கும்போது, "நேற்று ராத்திரி வந்துச்சு. உங்கள எழுப்பல்ல. வந்துட்டுப் போயிட்டுது" என்றாள். நான் அதைப் பற்றி எதுவும் அறியாமல் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

இன்று அவளும் ஓர் ஆசிரியை. விடுமுறைக்குப் புத்தளம் போகும்போது, உம்மா தாழ்ப்பாளைத் தொடும் மூன்றாம் தடவையில் அவளும் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பாளாம். "பூட்டியிருக்கு உம்மா. வாங்க, படுப்போம்" என்பாளாம்.